மலைக்கு எந்த சிம்?

“வூட்டுக்குள்ள டவர் கெடைக்குமா, வாசலுக்கு வந்தாத்தான் கெடைக்குமா? அத்த மொதல்ல சொல்லு தம்பி. வெலைய அப்பால பேசலாம்.”

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சிவசங்கருக்கு இந்த வரிசை புதிது. மற்றவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, அதில் எவ்வளவு குறையும் என்று கேட்பார்கள். டவர் கிடைக்குமா என்பதை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஃபோன் செய்துதான் கேட்பார்கள். ஃபோன் வராவிட்டால் டவர் கிடைக்கவில்லை என்று அவன் புரிந்துகொள்வான்.

காசியம்மாள் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். ஒரு கையில் மகள் எழில்மதியின் ஃபோன், மறுகையில் தன் ஆதார் அட்டை. வீட்டுக்கே அந்த ஒரு ஃபோன்தான். சிம் அவள் பேரில் இருந்தது. போட்ட காசு இன்னும் ஒரு வாரத்தில் தீர்கிறது. நம்பர் மாறக் கூடாது, கம்பெனி மட்டும் மாற வேண்டும் என்றாள்.

சிவசங்கர் கம்பெனிகளைப் பேர் சொல்லி அழைப்பதில்லை. வாங்குகிறவனுக்கு நினைவில் நிற்பது விலை என்று அப்பாவின் மளிகைக் கடையில் கற்றவன். ஃபோனை வாங்கிப் பார்த்தான். இப்போது அதில் இருப்பவன் முந்நூற்றைம்பது ரூபாய்க்காரன். இருபத்தெட்டு நாள், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், காசியம்மாளின் ஊரில் அடுப்பங்கரை வரைக்கும் டவர். இதற்கு என்ன குறைச்சல் என்று கேட்டான்.

அதற்கு அவள் குடும்பக் கதையையே சொன்னாள். எழில்மதி புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து மூன்று மாதமாகிறது. மாப்பிள்ளை அஜித்குமார் உளுந்தூர்பேட்டையில், லாரிகள் நிற்கும் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். குடி கிடையாது, கை நீட்டுகிறவனும் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் தினமும் ஃபோன் செய்துவிடுவான். ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

“அவ திரும்பப் போயி அவன்கூட நல்லா பொழைக்கணும் தம்பி. அது இந்த ஃபோன்லதான் இருக்குது. நீ எதுனா தப்பா தலையில கட்டிட்டின்னா எம்பொண்ணு வாழ்க்க போச்சு.”

சிவசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதுவரை எந்தக் கம்பெனியும் அவனுக்கு இவ்வளவு பெரிய டார்கெட் கொடுத்ததில்லை.

அடுத்தவன் இருநூற்று முப்பது ரூபாய்க்காரன். வீட்டுக்குள் கிடைக்குமா என்று அவள் கேட்டது இவனைப் பற்றித்தான். கிடைக்காது என்றான். வாசலில்? அங்கேயும் இல்லை. ஆட்டுக் கொட்டகைப் பக்கம்? ம்ஹூம்.

“பொறத்தால ஒரு பெரிய பாறை இருக்குது. அது மேல ஏறுனா?”

“ஏறி நின்னா ரெண்டு பாயிண்ட் வரும்மா.”

“அப்ப அது வேணாம். எம்பொண்ணு ஏறிடுவா.”

வழுக்கி விழுந்தால் வம்புதான் என்று சிவசங்கரும் ஒப்புக்கொண்டான்.

மூன்றாமவன் நூற்றைம்பது ரூபாய்க்காரன். அவனை விற்க சிவசங்கருக்கே மனசில்லை. கச்சிராயபாளையம் வரை ராஜா, கோமுகி அணையைத் தாண்டினால் பிணம் என்று உள்ளதைச் சொன்னான். அவள் விடவில்லை. பாறையில் ஏறினாலுமா என்றாள். பாறை மேல் ஏணி போட்டு ஏறினாலும் கிடையாது என்றான். பக்கத்து ஊரில்? கிடையாது. வானம் வெளுத்திருக்கிற நாளில்? அன்றைக்கும் கிடையாது. சேலையில் உள்ள கறையைத் தேடுகிறவள் மாதிரி இத்தனை தரம் கேட்கிறாளே, நூற்றைம்பது ரூபாய் மேல் ஆசை விழுந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

வியாபாரம் ஒரு பக்கம் கிடக்கட்டும், ஒரு குடும்பம் சேர வேண்டுமே. அவன் தன் பரம்பரையிலேயே யாரும் செய்யாத காரியத்தைச் செய்தான். கேட்காமலே விலையைக் குறைத்தான்.

“கம்பெனிய மாத்தவே வேணாம்மா. இருக்கறதே இருக்கட்டும். முந்நூத்தம்பதுல முப்பது ரூவா நான் கைய விட்டுப் போடறேன். முந்நூத்தி இருபது குடுங்க போதும்.”

காசியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

“நல்லா இருப்ப தம்பி. அந்த முப்பத நூத்தம்பதுல கழிச்சிக்கோ.”

சொல்லிவிட்டு நூற்று இருபது ரூபாயைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

சிவசங்கர் பணத்தைத் தொடவில்லை. இருநூறு ரூபாய் கம்மி என்று பார்த்து மகளின் வாழ்க்கையைத் தொலைக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னான். நாலைந்து நாளில் கம்பெனி மாறிவிடும், அப்புறம் மாப்பிள்ளை நாளெல்லாம் அடித்தாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்றுதான் வரும், அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது என்றான்.

“வேற எதுவும் வராதில்ல? ஸ்விட்ச் ஆஃப்புன்னு வராதே?”

“வராதும்மா. ஏன்?”

காசியம்மாள் ஆதார் அட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“எடுக்காம உட்டா வீம்புன்னுவான், ஆஃப் பண்ணி வெச்சா கோவம்னுவான். புருசன் நேர்ல வந்து கூப்டாம பொண்ண அனுப்பற பழக்கம் எங்ககிட்ட இல்ல. தெனம் ஃபோன்லயே சமாதானம் ஆயிடறவன் எதுக்கு தம்பி பஸ் ஏறி மலைக்கு வரப்போறான்?”