முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம்

1933-ஆல் வகுத்தாள். 288 மீதி.

அக்கா பேனாவைப் போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக இதே வேலை. சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள், தாள்கள் முழுக்க மீதி.

"மெஷின்ல தட்டுனா ஒரு நொடிம்மா," என்றாள் மகள், தட்டு வைக்க இடம் தேடியபடி.

தட்டக் கூடாது. சின்ன வயதில் தம்பியும் அவளும் போட்ட சட்டம் அது. கையால்தான் வகுக்க வேண்டும், வரிசையாக, ஒரு எண்ணையும் தாண்டாமல்.

மற்றப் பிள்ளைகள் விரலைக் காட்டிக் காய் விட்டார்கள், பழம் விட்டார்கள். இவர்கள் இரண்டும் கணக்குப் பைத்தியங்கள். சீட்டில் எண் எழுதிக் கொடுப்பார்கள். எதாலும் வகுபடாத பகா எண் என்றால் காய், இனி பேச்சில்லை. வகுபட்டால் பழம்.

அம்மா படுக்கையில் கிடந்தபோது, யார் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. நாளை எண்ணிச் சொன்னவள் அக்காதான். சொல்லியிருக்க வேண்டாம். ஆறு வருடமாகத் தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை தபாலில் ஒரு சீட்டு வந்தது. நலமா என்றுகூட இல்லை.

3802499. அவ்வளவுதான்.

3-க்கு 2 மீதி, 5-க்கு 4, 7-க்கு 1. இப்படியே இருநூற்றுத் தொண்ணூற்றைந்து பகா எண்கள் போட்டுப் பார்த்தாயிற்று. 1950-ஐ 1950-ஆல் பெருக்கினால் ஒன்று கூடிப் போகிறது. ஆக அதுவரை பார்த்தால் போதும். அதற்குள் வகுபடாதது அப்புறம் எதற்கும் வகுபடாது. பட்டியலில் மிச்சம் ஒன்றே ஒன்று.

காய்தான். இந்த வயதிலும் மெனக்கெட்டு ஏழு இலக்கத்தில் காய் விட்டிருக்கிறான். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். வேண்டாவெறுப்பாகக் கடைசி எண்ணையும் போட்டாள்.

1949.

மீதி இல்லை. ஈவு 1951.

அக்கா பெருக்கிச் சரிபார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, ஆறு வருடமாகத் தொடாத அந்த நம்பரைப் போனில் அழுத்தினாள்.

"டேய், நான் பொறந்த வருஷத்த நீ பொறந்த வருஷத்தால பெருக்கி அனுப்பிட்ட, சரி. அத மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா என் முதுகாவது தப்பிச்சிருக்கும்ல?"