இன்னும் உபயோகத்தில் இருக்கிறது

எங்கள் ஆபீசுக்குப் பேசும் குப்பைத் தொட்டி வந்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். சரியாகப் போட்டால், "சபாஷ்! பூமியின் சார்பில் நன்றி" என்று கொஞ்சும். இன்னும் பயன்படக்கூடிய பொருளை நீட்டினால் மூடியைத் திறக்காது. "இது இன்னும் உபயோகத்தில் இருக்கிறது" என்று ஊருக்கே கேட்கும்படி மானத்தை வாங்கும். கட்டைவிரல் நீளப் பென்சிலுக்குக்கூட நான் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

"மெஷின் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்பார் மேனேஜர்.

கேஷியர் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே, மேனேஜர் அவர் மேசையைக் காலி செய்ய வந்து நின்றார். ஒரு கையில் தன்னுடைய டீ கப். இன்னொரு கையில் அண்ணனுடைய கப்.

"அவர் வீட்டுக்காரம்மா வந்து எடுத்துக்கட்டுமே சார்?"

"விளிம்பு உடைஞ்ச கப்பை யாரும்மா எடுப்பாங்க?"

அண்ணனுடைய கப்பைத் தொட்டிக்கு நேராக நீட்டினார். மூடி திறக்கவில்லை.

"இது இன்னும் உபயோகத்தில் இருக்கிறது."

மேனேஜர் அண்ணனின் மூக்குக் கண்ணாடியை நீட்டினார். முதுகுக்கு வைக்கும் தலையணையை நீட்டினார். அதே பதில்.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றேன். ஆத்திரம் தாங்காமல்தான் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் மேசையிலேயே போட்டுவிட்டு, தன் கப்பிலிருந்த மிச்ச டீயை உறிஞ்சியபடி தொட்டியைத் தாண்டினார். எதையும் நீட்டவில்லை. மூடி தானாகத் திறந்தது.

"இதைப் போடலாம். இனி உபயோகமில்லை."

மேனேஜர் தன் கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூடி திறந்தேதான் இருந்தது.