இரும்பு சொன்ன சாட்சி

"மேகம் விலகட்டும், அண்ணாச்சி. வெளிச்சம் இல்லாம இரும்புக்குள்ள ஒண்ணும் தெரியாது."

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் சத்தியநேசன். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவர். சென்னையில் ஒரு துரையிடம் இரும்பைச் சோதிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர். ஜில்லாவில் அது தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பதால், கலெக்டர் ஆபீசிலிருந்து வெடித்துப்போன ஒரு பாய்லரின் இரும்புத் துண்டுகள் அவரிடம் வந்திருந்தன.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் ஆவுடைநாயகம் பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை வைத்திருப்பவர். எல்லாரையும் நிற்க வைத்தே பேசிப் பழகிய மனிதர் அன்று ஒரு வாத்தியாரின் வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தார். போன வாரம் அவருடைய ஆலையில் பாய்லர் வெடித்தது. பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த நாலு பெண்களும் பாய்லர்காரனும் வெந்து செத்தார்கள்.

"சார்வாள், ஊரு பூரா என்னையத்தான் சொல்லுது. மட்டமான பாய்லர வாங்கிப் போட்டு அஞ்சு உசுரக் கொன்னுட்டேன்னு மண்ண வாரித் தூத்துதாவ. நீங்க கொஞ்சம் பாத்து..."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இரும்பு மட்டம்னா மட்டம்னு எழுதுவேன். நீங்க செயிலுக்குப் போவிய. நல்ல இரும்புன்னா, தண்ணி வத்த விட்டு அடுப்ப எரிச்ச பாய்லர்காரன்தான் குத்தவாளி. ரெண்டுல ஒண்ணுதான்."

பிள்ளைக்கு முகம் செத்துப் போயிற்று. இந்த மனுஷனிடம் நம் பருப்பு வேகாது என்று புரிந்துவிட்டது.

வெயில் வந்தது. சத்தியநேசன் ஜன்னலோரம் இருந்த கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைத் துண்டின்மேல் விழ வைத்தார். இரும்பை ஊடுருவி வெளிச்சம் போகாது. மேலே விழுந்து, திரும்பிக் கண்ணுக்கு வந்தால்தான் உண்டு. அதற்காகவே துண்டை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, திராவகத்தில் முக்கி எடுத்திருந்தார்.

நெடுநேரம் பார்த்தார். பிறகு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார்.

"என்ன சார்வாள், திரும்பவும் மொதல்லேருந்தா? காலையிலருந்து இதத்தான பண்ணுதிய?"

"நான் சரியாத் தேய்க்கலையோ என்னமோ."

தேய்த்த இடத்தையே அவர் மறுபடி மறுபடி தேய்ப்பதைப் பிள்ளை கவனித்தார். சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவருக்குச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"எனக்கு அந்தப் பாய்லர்காரன் அப்பாத்துரை மேலதான் சந்தேகம். குடிச்சிட்டு..."

தேய்த்த கை நின்றது. "குடிப்பானா? நீங்க கண்டியளா?"

"கண்டதில்ல. பொய் எதுக்கு? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நல்லாத்தான் வேலை பாத்தான். அன்னைக்கு என்னமோ, கண் அசந்திருப்பான்."

"உடனே உசுரு போச்சா?"

"இல்ல. கொஞ்ச நேரம் கெடந்தான். தண்ணி கேட்டான்."

"குடுத்தியளா?"

"கொண்டுட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

சத்தியநேசன் எழுந்தார். துண்டைத் திராவகத்தில் முக்கி, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் வைத்தார். இந்தத் தடவை பார்த்தது கொஞ்ச நேரந்தான்.

"வாங்க அண்ணாச்சி. நீங்களே பாருங்க. இது தகட்டோட கீழ்ப் பாகம். எப்பவும் தண்ணிக்குள்ளயே இருந்தது."

பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "தூளுப்பப் பரப்பினாப்ல இருக்கு."

"கசடு இல்ல, கீறல் இல்ல. நல்ல இரும்பு. இப்ப இதப் பாருங்க. அதே தகடுதான், மேல் பாகம்."

"இது கல்லுப்பு மாதிரி பெருசு பெருசால்லா இருக்கு."

"தண்ணி இல்லாம நெருப்புல காய்ஞ்சா இரும்பு இப்படித்தான் பெருத்துப் போகும். பெருத்துட்டா பலம் கிடையாது. உங்க பாய்லர் மேல குத்தம் இல்ல, அண்ணாச்சி. தண்ணி வத்துனதக்கூடப் பாக்காம எரிச்சிருக்கான். அஞ்சு சாவுக்கும் அவன்தான் காரணம்."

ஆவுடைநாயகம் பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம். அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"தெய்வம் மாதிரி சொன்னிய, சார்வாள். இப்பவே எழுதிருங்க."

சத்தியநேசன் பேனாவை மையில் முக்கி எழுத ஆரம்பித்தார். பிள்ளை மேஜைப் பக்கம் நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார். பயம் போனதும் பழைய அதிகாரம் குரலுக்கு வந்துவிட்டது.

"அவன் தகப்பன் பேரும் போடணும்லா? வேலைக்கு வந்தப்பவே கேட்டேன். எனக்கு யாரும் இல்ல, அப்பன் செத்தாச்சுன்னு சொல்லிட்டான். நீங்க வாயில வந்த பேர ஒண்ணப் போட்டு விடுங்க. அந்தப் பொம்பளையளோட சனங்க இனி அந்தப் பேரச் சொல்லிக் காறித் துப்பட்டும். செத்தவனுக்கு வலிக்கவா போகுது?"

எழுதுகிற பேனா நிற்கவில்லை.

"கோவத்துல அப்படிச் சொல்லியிருக்கான். அப்பன் சாகல, அண்ணாச்சி" என்றார் சத்தியநேசன். 'சத்தியநேசன் மகன் அப்பாத்துரை' என்று எழுதி முடித்து, மை காயட்டும் என்று காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.