ஓடிபி சொல்லுங்க சார்

"சார், ஓடிபி வந்திருக்கும். பார்த்துச் சொல்லுங்க."

சத்யபிரியா செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பெரிய கம்பெனியின் புதுக்கோட்டை ஆபீஸில், வரி சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர் மொத்தமும் அவள் பொறுப்பு. எந்த ஊர்க் கிளையில் பில் போட்டாலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தானாகவே தயாராகிவிடும்; வாரத்துக்கு ஒன்றாவது அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் செய்தவளுக்கு, ஓடிபி போகிற நம்பரை மட்டும் மாற்றத் தெரியவில்லையாம்! அது இன்னும் ஆத்மநாதன் சாரின் போனுக்குத்தான் போகிறது.

ஆத்மநாதன் வரிப் பிரிவு மேனேஜர். பக்கவாதம் வந்து, பேச்சு குழறி, மணமேல்குடியில் வீட்டோடு கிடக்கிறார். அந்த மனுஷனைப் போய் இப்படிப் படுத்த வேண்டுமா? புதிதாகச் சேர்ந்த கோபிநாத்துக்குப் பொறுக்கவில்லை.

போனில் மூச்சு வாங்கியது.

"நா... நாலு..."

"ம், அடுத்தது?"

"ஏ... ஏ..."

"புரியல சார். திரும்பச் சொல்லுங்க."

"பாவம் மேடம்," கோபிநாத் கிசுகிசுத்தான். "அவரு சம்சாரத்தைப் படிக்கச் சொல்லலாமே?"

"சாரோட பொறுப்பு இது. சார்தான் சொல்லணும்," என்றாள், போனில் கேட்கிற மாதிரியே.

"ஏ...ழு..."

"டைம் முடிஞ்சிருச்சு சார். வேற ஓடிபி அனுப்புறேன். மொதல்லேருந்து சொல்லுங்க. இன்னைக்குக் கடைசி நாள்."

இவளுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா? கோபிநாத் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இந்த முறை திக்கித் திணறி ஆறு எண்களையும் சொல்லி முடித்தார் ஆத்மநாதன்.

"போ...துமா... ம்மா?"

"போதும் சார். நீங்க இல்லைன்னா இன்னைக்கு மாட்டியிருப்போம்."

அந்தப் பக்கம் மெல்லச் சிரித்தது கேட்டது.

போனை வைத்ததும் கோபிநாத் வெடித்தான். "ஒரு நம்பரை மாத்த முடியாதா மேடம்? முடியாத மனுஷனை வாராவாரம் இப்படி..."

சொல்லிக்கொண்டே, ரிட்டர்ன் போய்விட்டதா என்று கம்ப்யூட்டரில் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"மேடம், இது காலையிலேயே ஃபைல் ஆயிருக்கே!"

"ஆமா. சார் ஆஸ்பத்திரியில படுத்தப்பவே நம்பரை மாத்தியாச்சு."

"அப்ப இந்த ஓடிபி?"

"நம்ம டெஸ்ட் சர்வர்லேருந்து நான்தான் சும்மா அனுப்புறேன்." அவள் குரல் இறங்கியது. "பேசிப் பேசித்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல யாரு கெஞ்சினாலும் கூச்சப்பட்டுக்கிட்டு வாயே தொறக்க மாட்டேங்கிறாராம். ஆபீஸ் போன்னா மட்டும் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து உக்காந்துருவாராம். அவரு சம்சாரம் பரிமளாக்கா அழுதுக்கிட்டே சொன்னாங்க."

கோபிநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"மேடம், அடுத்த வாரத்துலேருந்து ஓடிபியை எட்டு நம்பரா மாத்திரவா?"