சீரியஸும் கிரிட்டிகலும்

"மொதலாளி, அம்மா சீரியஸ்னு தந்தி வந்திருக்குங்க. ஒரு நாள் லீவு குடுங்க, ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

ஜமாலுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பனியன் கம்பெனி கேட்டில் தந்திக்காரர் "அம்மா சீரியஸ்" என்றதுமே பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான். திண்டுக்கல்லில் அவன் அம்மா ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

முதலாளி ஆத்தப்பன் நடுவில் இருந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு, தந்தியை மேஜையில் வீசினார்.

"ஷிப்மென்ட் தேதி வந்தாப் போதும், எல்லாருக்கும் அம்மா சீரியஸ் ஆயிருது! கேட்டுக்கப்பா. சீரியஸ்னா ஒடம்புக்கு ரொம்ப முடியல, அவ்வளவுதான். உசுருக்கே ஆபத்துன்னா கிரிட்டிகல்னு அடிப்பாங்க. அப்ப வா, நானே பஸ் ஏத்தியுடறேன்."

"அல்லா மேல சத்தியமுங்க, பொய் சொல்லலீங்க!"

"எங்காத்தாளும் மெட்ராசுல தங்கச்சி ஊட்டுல முடியாமத்தான் கெடக்குது. நான் போட்டது போட்டபடி ஓடினனா? போய் மிஷின்ல உக்காரு."

உட்கார்ந்தான். கண்ணீரில் ஊசி தெரியாமல் தையல் கோணிக்கொண்டு போனது.

சாயங்காலம் இன்னொரு தந்தி வந்தது. அதையும் ஜமாலே கேட்டில் வாங்கிக் கொண்டுபோய் நீட்டினான்.

"கிரிட்டிகலுங்களா, மொதலாளி?"

ஆத்தப்பன் இந்த முறை மேலிருந்து படித்தார். காலையில் வீசிய தந்தியையும் தேடி எடுத்து, அதன் மேல் வரியைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"அதையும் தாண்டிருச்சப்பா. உசுரு போயிருச்சு."

"அம்மா!" என்று தரையில் விழுந்து கதறினான் ஜமால்.

"அழுவாத கண்ணு, உங்கம்மா நல்லாத்தான் இருப்பாங்க," என்றார் ஆத்தப்பன். "ரெண்டு தந்தியும் எம் பேருக்கு வந்திருக்குது."