மலைக்கு அந்தப் பக்கம்

"எம்லின் கையெழுத்து போட மாட்டாராம்."

டெலித் சொன்னதும் சேப்பல் கூடத்தில் ஒருவருக்கும் கோபப்படக்கூடத் தெம்பில்லை. மாதக்கணக்காக இதே கூட்டம், இதே ஆறிப்போன டீ, இதே வறட்டு கேக்.

விஷயம் இதுதான். நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றி வரைகிறார்கள். எங்கள் நாந்த்லாஸ் பள்ளத்தாக்கை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கும்ஹெலிக்கோடு சேர்க்கப் போகிறார்களாம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் ஒரு மலை நிற்பது காகிதத்தில் எங்கே தெரிகிறது? மலையைத் தாண்டும் மேல்பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ்ஸையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

சேர்த்துவிட்டால் எம்.பி. ஆபீஸும் அந்தப் பக்கம் போய்விடும். டெலித்தின் வயிற்றெரிச்சல் அதுதான். அவள் புருஷன் கெத்தின் சுரங்கத் தூசியைத் தின்று நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, நஷ்டஈட்டுக்காக வாரா வாரம் நடந்தே போய் எம்.பி.யைப் பார்த்தவள்.

"அன்னைக்கு ஆபீஸ் மலைக்கு அந்தாண்ட இருந்திருந்தா, அந்த மனுஷனுக்கு மருந்து வாங்கக்கூட வழி இருந்திருக்காது. நாளைக்கு இன்னொருத்திக்கு அந்தக் கதி வரணுமா?" என்பாள். நியாயம்தானே.

இதை விசாரித்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவார். அவர் முக்கியமாகப் பார்ப்பது, இரண்டு ஊருக்கும் ஒட்டுறவு இருக்கிறதா என்பதைத்தான்; இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் மனுவின் முதல் வரியே இப்படி இருந்தது: கும்ஹெலிக்கில் எங்களுக்கு யாரும் இல்லை.

"அவர் எப்படிப் போடுவார்?" என்றார் கறிக்கடை ஹியூ. "ஞாயித்துக்கிழமையானா காரை எடுத்துக்கிட்டு மலையேறிடறாரே. அதுவும் பூவோட. அங்க எவளோ இருக்கா."

"எழுபத்தஞ்சு வயசுலயா?"

"குடுத்து வச்ச மனுஷன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். டெலித் சிரிக்கவில்லை. "ஒரு வீடு பிரிஞ்சு நின்னாலும் விசாரணையில கேப்பாங்க. நானே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்றாள்.

குருத்தோலை ஞாயிறு காலையில் போனோம். துணைக்கு நானும். எம்லின் வாசலில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வாளி வாளியாக மஞ்சள் டாஃபடில் பூ. ஒரு தேய்ப்பான். தண்ணீர் கேன்.

"ஒருத்திக்கா இத்தனை பூ? இல்ல, ஊருக்கே குடுக்கறீங்களா?" என்று டெலித் ஆரம்பித்தாள்.

"கிண்டல் பண்ணிட்டுப் போ. நான் கையெழுத்து போடறதா இல்ல."

"எங்க மேல என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லம்மா. தொகுதி மாற வேண்டாம்னுதான் நானும் நினைக்கிறேன். அந்த முதல் வரியை எடுத்துடு. இப்பவே போட்டுத் தரேன்."

"அந்த வரியை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க, கும்ஹெலிக்ல நமக்கு யார் இருக்கா?"

எம்லின் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"கெத்தின் இருக்கானே, டெலித்."

அவள் டிக்கியில் இருந்த பூக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் ஊர் இடுகாட்டுச் சரிவு மழையில் சரிந்து இறங்கினதும் அதை மூடிவிட்டார்கள். அதன்பின் செத்தவர்களையெல்லாம் மலையைச் சுற்றிக் கும்ஹெலிக்குக்குத்தான் கொண்டுபோகிறோம். அடக்கம் பண்ணுவோம், அழுவோம், திரும்பி வருவோம். அதோடு சரி.

"இன்னைக்கு நம்ம ஊர் வழக்கப்படி கல்லறையெல்லாம் கழுவிப் பூ வைக்கற நாள். நம்ம ஊர்க்காரங்க கல்லு மட்டும் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கு? அதான் எல்லாருக்குமா எடுத்துட்டுப் போறேன்" என்றார் எம்லின். "மத்த ஞாயித்துக்கிழமைல சும்மா கெத்தின் பக்கத்துல உக்காந்துட்டு வருவேன். ஒரே சுரங்கத்துல ஒண்ணா இறங்கினவங்க."

"போகணும்னுதான் இருக்கு. பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க..." என்று டெலித் இழுத்தாள்.

"தெரியும்மா. உன்னை இப்ப யார் குத்தம் சொன்னா?"

அவர் டிக்கியை மெதுவாகச் சாத்தினார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் டவுன் ஹாலில் விசாரணை. அதிகாரி சின்ன வயதுப் பெண், டெலித்திடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கும்ஹெலிக்ல உங்களுக்கு யாரும் இல்லன்னு மனுவுல இருக்கு. சரிதானே, மிஸஸ் ப்ராஸர்?"

டெலித் திரும்பிப் பார்த்தாள். எம்லின் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தப்புங்க. இருக்காங்க. என் வீட்டுக்காரர் இருக்கார். இங்க உக்காந்திருக்கற அத்தனை பேர் வீட்டுலேர்ந்தும் யாராவது ஒருத்தர் இருக்காங்க. கல்லறைல."

"போச்சு" என்று ஹியூ முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை மாத அலைச்சலும் அந்த ஒரு பதிலில் போயிற்று.

அதிகாரி பேனாவை எடுத்தார். "அடிக்கடி போய்ப் பார்ப்பீங்களா?"

"அடக்கம் பண்ணின அன்னைக்குப் போனதுதான். மலையைச் சுத்திக்கிட்டுப் போகணும். ரெண்டு பஸ் மாறணும். முட்டி வேற..." டெலித் நிறுத்திக்கொண்டாள். "போகலைங்க. எம்லினைத் தவிர நாங்க யாருமே போகல."

அதிகாரி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

முடிவு வெளியான அன்று மறுபடியும் சேப்பல் கூடம். ஜெயித்துவிட்டோம். தொகுதி மாறவில்லை, எம்.பி. ஆபீஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். டெலித் புது கேக்கே செய்து கொண்டுவந்திருந்தாள். எதனால் ஜெயித்தோம் என்று அதிகாரி எழுதியிருந்ததை ஹியூ எழுந்து நின்று வாசித்தார். அதற்கப்புறம் கேக்கை ஒருவரும் தொடவில்லை.

"இறந்துபோன சொந்தங்களைப் பார்க்கக்கூட இவர்கள் அந்த மலையைத் தாண்டுவதில்லை. இரண்டு ஊருக்கும் ஒட்டுறவு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை."