இமிழி

'இ' வரைக்கும் வந்துவிட்டது.

குழந்தையின் காதோரம் குனிந்தவன் அங்கேயே நின்றான். உதடுகள் விரிந்திருந்தன. மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

பெயர் வைக்கும் நாள். தொட்டிலைச் சுற்றிக் கூடம் நிறைய உறவினர்கள்.

"இனியாவா, தம்பி?" என்றாள் அக்கா. குழந்தை அவள் மடியில் கிடந்தது.

இல்லையென்று தலையசைத்தான்.

"இலக்கியா?"

அதுவும் இல்லை.

"இந்திராணிங்களா மாப்ள?" என்றார் மாமனார். "எங்கம்மா பேருங்க."

யாரோ சிரித்தார்கள்.

சின்ன வயதில் கடைக்குப் போனால், அவன் 'சோ' என்பதற்குள் அக்கா சோப்பை வாங்கிக் கையில் கொடுத்துவிடுவாள். பள்ளியில் வாத்தியார். பஸ்ஸில் கண்டக்டர். எல்லோரும் நல்லவர்கள். அவன் பெயரைக்கூட அவனுக்காகச் சொல்லி முடித்தவர்கள்.

மகளையாவது தன் வாயால் கூப்பிட வேண்டும்.

அந்தப் பெயர் ஒரு நாவலில் இருந்தது. மனைவியின் வயிற்றருகே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பான். தோணி திருடுகிற பெண், இமிழி. பக்கத்துக்குப் பக்கம் வருவாள். ஒருமுறையும் நாக்கு திக்கவில்லை.

"கதையில வர்ற பேரு நெசப் புள்ளைக்குப் பொருந்துங்களா?" என்று கேட்டாள் மனைவி.

பிறந்த பிறகும் கேட்டாள்.

"திருடி மாதிரியா இருக்குறா இவ?"

அவன் தூங்குகிறவளைப் பார்த்தான். மூடிய கைக்குள் அவனுடைய விரல் இருந்தது.

வேறு யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை.

இப்போது அதே பெயர் தொண்டையில் நிற்கிறது.

"நீயாச்சும் சொல்லு கண்ணு" என்றாள் அக்கா, அவன் மனைவியிடம். "பாவம், திணறுறான்."

மனைவி அவனைப் பார்த்தாள்.

"அவரே சொல்லுவாருங்க அண்ணி."

அக்கா இன்னொரு பெயருக்கு வாயெடுத்தாள். எதுவும் தோன்றவில்லை. மாமனாரும் தன் அம்மா பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

கூடம் அடங்கியது.

யாருக்கும் தெரியாத பெயர். யாராலும் முடித்துவைக்க முடியாது.

இத்தனை பேர் அவனுக்காக இதற்குமுன் காத்திருந்ததில்லை.

அவன் மூச்சை விட்டான். குழந்தையின் காது மடலில் பூனைமுடி. மூச்சு பட்டதும் அவள் கழுத்தை நெளித்தாள்.

பெயர் வந்தது.

மெல்ல. முழுதாக.

அவளுக்கு மட்டுமே கேட்டது.

"என்ன பேருங்க மாப்ள?"

மூன்று முறை சொல்வது வழக்கம். அவன் மறுபடி குனிந்தான்.

காதைக் கொடுத்தபடி அக்காவும் கூடவே குனிந்தாள்.